வீட்டுக்கு ஒரு கை

தேவனூர் நாடு, கொல்லிமலை
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

பூங்குழலி எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் பல்வலி விட்டதா? கிராம்பு அனுப்பலாம் என்றால் ஜெயிலுக்குள் விடமாட்டார்கள் என்று அம்மா வருத்தப்படுகிறாள். வாரம் ஒரு தடவை போன் பேச விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். விட்டு என்ன செய்ய, நம் ஊருக்குத்தான் டவர் இல்லையே. கடிதம்தான் நமக்கு விதித்தது.

ஒரு சங்கதி. உனக்குச் சொல்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறேன். நார்வே நாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். நம்மைப் போன்ற ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு உதவித்தொகை. விமான டிக்கெட், தங்க இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்களே. நாம் ஒரு பைசா போட வேண்டாம். என்னோடு காலேஜில் படித்த பானுமதி, புளியஞ்சோலைக்காரி, அவள்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். ரெண்டு வருஷம் மலைப்பயிர்களைப் பற்றிப் படிப்பு. சாமை, தினை பற்றி அங்கே போய்ப் படிக்க வேண்டுமா என்று நீ கேட்பாய். அம்மாவும் அதைத்தான் கேட்டாள்.

வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கிறது. ஜோடி ஜோடியாகப் படகில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே 'என் தலைமைப் பண்பு' என்ற கட்டுரையைப் போனில் தட்டி முடித்தேன். நம் வீட்டு ஆட்டுக்குட்டிகூட என் பேச்சைக் கேட்பதில்லை, அது அவர்களுக்குத் தெரியாது. 'படிப்பு முடிந்து திரும்பி வந்து உன் மக்களுக்கு என்ன செய்வாய்' என்று இன்னொரு கேள்வி. அதற்கு மட்டும் ஒரு வாரம் யோசித்தேன். முந்தாநாள் பதில் வந்தது. முதல் சுற்றில் தேறிவிட்டேன் அண்ணா.

ஊர் இன்னும் சரியாகவில்லை. போன சித்திரையில் நீ போன பிறகு மாரப்பக் கவுண்டர் மாடு இரண்டும் இடி விழுந்து செத்ததே, அதை நம் வீட்டுக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். கிழங்கு பிடுங்க ஒருவரும் வரவில்லை. நானும் அம்மாவுமே பிடுங்கினோம். நீ மனசில் போட்டுக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பூங்குழலி

*

9 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை பூங்குழலிக்கு,

அண்ணன் பூபதி எழுதிக்கொள்வது. நான் நல்லபடியாக இருக்கிறேன். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், அதோடு வலியும் போச்சு. அம்மாவை மிளகுக்கொடி ஏற வேண்டாம் என்று சொல்.

பதில் தாமதம் என்று கோபிக்காதே. இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் படித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். இந்த ஆந்திரா ஜெயிலில் தமிழ் தெரிந்த அதிகாரி தேவராஜ் சார் ஒருவர்தான். சித்தூர்க்காரர். அவருக்கு வேறு வேலையும் இருக்கிறது. சில நேரம் வாரம் ஆகும், சில நேரம் மாதம் ஆகும்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பிறகு சாயங்காலம் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். செம்மரக் கேஸில் வந்த தமிழ் ஆட்கள் பதினோரு பேர் இருக்கிறோம். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை என்று எல்லாம் மலைக்காரன்கள்தான். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. ஆட்டுக்குட்டி சமாச்சாரத்துக்கு அப்படிச் சிரித்தார்கள். வேல்முருகன் என்று ஜவ்வாது மலைப் பையன் ஒருவன், "உன் தங்கச்சி ஏரோப்ளேன்ல போவுமா?" என்று தினமும் கேட்கிறான்.

திரும்பி வந்து என்ன செய்வாய் என்று கேட்டார்களா? திரும்பியே வராதே கண்ணு. அங்கேயே இரு. இங்கே என்ன இருக்கிறது?

மாட்டு விஷயம் படித்தேன். குற்றம் என்னுடையதுதான். அம்மன் நோம்பிக்குக் காப்பு கட்டின கையோடு ஊர் எல்லை தாண்டினவன் நான். மூன்றாம் நாள் மேஸ்திரி வேன் வந்து நின்றது. வேலைக்கு ஆள் வேணும், இன்றைக்கே கிளம்பணும் என்றான். நூலைக்கூட அவிழ்க்காமல் ஏறினேன். போலீஸ் கையைப் பின்னால் கட்டினபோது அந்த மஞ்சள் நூல் கையில்தான் இருந்தது. அதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
பூபதி

*

தேவனூர் நாடு
20 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

அங்கே வெயில் தொடங்கியிருக்கும். தண்ணீர் நிறையக் குடி. அம்மாவுக்கு முட்டிவலி மட்டும்தான், மற்றபடி குறையில்லை. நான் நலம், நலத்துக்கு மேலே நலம்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! ஏப்ரல் 28, 29 இரண்டு நாளும் சென்னையில். முதல் நாள் எழுத்துப் பரீட்சை, மறுநாள் நேரில் கேள்வி. போனிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள். தேதி மாற்ற முடியாது. வராதவர்களை மறுபடி எந்த வருஷமும் கூப்பிட மாட்டார்களாம். இந்தியாவிலிருந்து நாற்பது பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எட்டுப் பேரை எடுப்பார்கள்.

பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் உன்னைப் பற்றிக் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். "அண்ணன் பண்ணுனதுக்குத் தங்கச்சி என்னம்மா பண்ணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

எந்தத் தேதி என்று பார்த்தாய் அல்லவா? சித்திரை இரண்டாம் செவ்வாய் 22ஆம் தேதி, அன்றைக்குத்தான் காப்பு. கட்டிவிட்டால் நோம்பி முடியும் வரை ஊரில் இருக்கிற யாரும் ராத்திரி வெளியே தங்கக்கூடாதே. அதனால் நான் 20ஆம் தேதியே புளியஞ்சோலைக்கு இறங்கி, பானுமதி வீட்டில் இருந்துகொள்கிறேன். அங்கிருந்து சென்னை. நோம்பி கழித்துத்தான் ஊருக்கு வருவேன். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு ஒரு கட்டும் இல்லை, அதனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த வருஷம் நம் வீட்டுக் காப்பு இல்லாமலே போகட்டும். அப்பா இல்லை, நீ இல்லை, அம்மா கட்டக்கூடாது என்பார்கள். அம்மனுக்குத் தெரியாதா நம் நிலைமை.

எனக்காக வேண்டிக்கொள்.

பூங்குழலி

*

24 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நலமா? அம்மா நலமா? உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நேர்காணலுக்குக் கூப்பிட்டார்களா, எப்போது என்று தெரியவில்லை. ஜூன், ஜூலை ஆகும் என்று தேவராஜ் சார் சொல்கிறார்.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

இந்தச் சித்திரைக்கு நம் வீட்டுக்காக நீ காப்பு கட்டு. வீட்டுக்கு ஒரு கை என்பது வழக்கம். ஆண் கைதான் என்று காப்பு கட்டிவிடுகிற மாரப்பக் கவுண்டர் சொல்வார். ஆண் இல்லாத வீட்டில் கல்யாணம் ஆகாத பெண் கட்டலாம், பாவாயி அத்தை வீட்டில் அப்படிக் கட்டியிருக்கிறார்கள், ஞாபகப்படுத்து. போன வருஷம் நான் பாதியில் விட்டதை இந்த வருஷம் நம் வீட்டுக் கை ஒன்று கட்டி முடிக்காவிட்டால், அந்தக் குற்றம் நம் தலைமேல் நின்றுவிடும். நீ படித்தவள் என்று தெரியும். சிரிக்காதே கண்ணு. ராத்திரி கண்ணை மூடினால் அந்த நூல்தான் தெரிகிறது. நீ கட்டி, நோம்பி முடியும் வரை இருந்து, கடைசி நாள் அவிழ்த்துத் தண்ணீரில் விட்டால், எனக்கு ஒரு வழி பிறக்கும் என்று மனசு சொல்கிறது. வக்கீலும் ஜாமீனுக்கு நம்பிக்கை இருக்கிறது என்கிறார்.

செய்வாயா?

பூபதி

*

12 ஏப்ரல் 2025

பூங்குழலி,

நலம் விசாரிக்க நேரமில்லை. நீ மார்ச் 20இல் எழுதின கடிதம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. தேவராஜ் சார் லீவில் போயிருந்தாராம். என் கடிதம் உனக்கு இதற்குள் வந்திருக்கும். அதைக் கிழித்து அடுப்பில் போடு.

காப்பு கட்டாதே. கட்டாதே. 20ஆம் தேதி சொன்னபடி இறங்கிப் போ. எனக்கு ஒன்றும் ஆகாது. பயத்தில் உளறினேன். ஜெயிலில் இருக்கிறவனுக்கு ஆயிரம் கெட்ட கனவு வரும், அதையெல்லாம் ஊருக்கு எழுதக் கூடாது என்று இன்றைக்குத்தான் புத்தி வந்தது. நீ அந்தப் பரீட்சைக்குப் போவதுதான் எனக்கு வழி பிறப்பது.

தேவராஜ் சாரிடம் கெஞ்சியிருக்கிறேன். இன்றே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

போய்விடு கண்ணு.

அண்ணன்

*

(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

தேவனூர் நாடு
1 மே 2025

அண்ணா,

உன் கடிதம் ஏப்ரல் 25ஆம் தேதி வந்தது. காப்பு கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. தபால்காரர் நீட்டினபோது வாங்கின கையில் நூல் இருந்தது.

நீ காப்பு கட்டச் சொன்ன கடிதம் 9ஆம் தேதியே வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. எனக்கு நூலில் நம்பிக்கை இல்லை அண்ணா. இடி ஏன் விழுகிறது என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் உனக்கு நம்பிக்கை இருக்கிறதே. நான் கட்டாமல் போய், நீ வெளியே வராமல் இருந்தால்? நீயும் அம்மாவும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். கேட்காமலே சாகும் வரை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதை என்னால் தாங்க முடியாது. நீ அந்த வேனில் ஏறினதே என் காலேஜுக்காகத்தான். அதை நீ ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கோயிலில் கையை நீட்டினேன். கவுண்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கட்டினார்.

உன் இரண்டாவது கடிதம் வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியவில்லை. அவிழ்த்து எறிந்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 27ஆம் தேதி மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து, மிளகாய்ச் சட்டினி அரைத்து, தூக்குப்போசியில் போட்டு வாசலில் வைத்தாள். "போற வழீல பசிக்கும் சாமி" என்றாள். அவ்வளவுதான்.

மத்தியான பஸ்ஸுக்கு நடந்தேன். எல்லைக்கல் தாண்டினால்தானே பஸ் நிற்கும் இடம். பாலக்கட்டைமேல் மாரப்பக் கவுண்டர் உட்கார்ந்திருந்தார். என் பையைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"எங்க கண்ணு, பொழுதுக்குள்ள வந்துருவியா?"

"சென்னைக்குங்க. ரெண்டு நாள் ஆகுங்க. படிப்பு விசயங்க."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் போயிருப்பேன்.

"போறதுன்னா போ கண்ணு. உன்னைய ஆரும் புடிச்சு வெக்கல. உங்கண்ணனையுந்தான் ஆரும் புடிச்சு வெக்கல."

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடி, "ஏறுறியா இல்லையா புள்ள?" என்றார். பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நார்வேயும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. உன் கையைப் பின்னால் கட்டினது மட்டும்தான் தெரிந்தது. பஸ் போய்விட்டது.

நானும் அம்மாவும் அந்தக் கிழங்கைத் தின்றோம். 28ஆம் தேதி சாமை காயப்போட்டேன். 29ஆம் தேதி என்ன செய்தேன் என்று நினைவில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் இதை உனக்கு எப்படி அனுப்புவேன்? உள்ளே இருக்கிறவன் இதைப் படித்துவிட்டு எங்கே போவான், யாரிடம் பேசுவான்? நீ ஜாமீனில் வந்த பிறகு நேரில் சொல்கிறேன். அடிப்பதானால் அடி.

*

தேவனூர் நாடு
20 மே 2025

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? இங்கே நாங்கள் சுகம். கோடை மழை நன்றாகப் பெய்தது. பலா இந்த வருஷம் ஏராளம், தின்ன ஆளில்லை.

உன் அவசரக் கடிதம் நல்லவேளை 19ஆம் தேதியே வந்துவிட்டது. நீ சொன்னபடியே கட்டவில்லை. பானுமதி வீட்டுக்கு இறங்கிவிட்டேன். சென்னை போனேன், பரீட்சை எழுதினேன், நேர்காணலில் மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். நன்றாகச் சொன்னேன். நம் வீட்டுக் காப்பைப் பற்றி நீ கவலைப்படாதே, கவுண்டரே நம் வீட்டுக்கும் சேர்த்து ஒரு நூல் கட்டிக்கொண்டாராம். பழையதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

என்னை எடுத்துவிட்டார்கள் அண்ணா. ஆகஸ்டில் போக வேண்டும்.

ஜாமீன் என்ன ஆனது? அதை உடனே எழுது. அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பூங்குழலி

*

29 ஜூன் 2025

என் செல்லத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். இப்படி நலமாக இருந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

உன் கடிதத்தைத் தேவராஜ் சார் தானே எடுத்துக்கொண்டு வந்து, எல்லோர் நடுவிலும் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் வேல்முருகன் எழுந்து நின்று கை தட்டினான். அவன் தங்கை ஒன்பதாவது முடித்திருக்கிறது. இத்தோடு நிறுத்திக் கல்யாணம் பண்ணிவிடுங்கள் என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தான். இப்போது, நிறுத்தாதீர்கள், படிக்கட்டும் என்று என் கையால் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டான். பார்த்தாயா, நீ இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் உன் மக்களுக்கு ஏதோ செய்துவிட்டாய்.

என் கேஸ் முடிந்துவிட்டது. ஜாமீன் கிடைக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் ரத்த சொந்தத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, கேஸ் முடிகிற வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் இங்கே வந்து நிற்க வேண்டும் என்றார்கள். அம்மாவால் முடியாது. நீ நார்வேயில் இருப்பாய். உனக்கு எழுதினால் நீ போகாமல் நின்றுவிடுவாய், எனக்குத் தெரியாதா உன்னை? அதனால் வக்கீல் சொன்ன இன்னொரு வழிக்குச் சரி என்றுவிட்டேன். போன வாரம் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஐந்து வருஷம். இருந்தது போக இன்னும் நாலு வருஷம்கூட இல்லை. வெட்டினது உண்மைதானே, பொய் ஒன்றும் சொல்லவில்லை.

அழாதே. நீ படிப்பை முடித்து வேலைக்குப் போய் உட்காருவதற்குள் நானும் வந்துவிடுவேன். அம்மாவை மட்டும் பாவாயி அத்தை பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போ. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்.

இப்போதெல்லாம் அந்த நூல் கனவில் வருவதில்லை.

பெருமையோடு,
உன் அண்ணன் பூபதி

*

தேவனூர் நாடு
18 ஜூலை 2025

அண்ணா,

நான் இங்கேதான் இருக்கிறேன். நான் எங்கேயும் போகவில்லை. எங்கேயும் போகப் போவதில்லை.

நான் எழுதினது பொய். உன் கடிதம் வந்தபோது காப்பு கட்டியாகிவிட்டது. சென்னைக்குப் போகவில்லை. பரீட்சை எழுதவில்லை. யாரும் என்னை எடுக்கவில்லை. நீ வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஜாமீனில் வந்துவிடுவாய் என்றுதானே கட்டினேன்? உன்னை வெளியே கொண்டுவரத்தான் போகாமல் இருந்தேன். கடைசியில் நான் போய்விட்டேன் என்று நினைத்து நீ உள்ளேயே இருந்துவிட்டாய்.

கையெழுத்துப் போட ஒரு கை வேண்டும் என்றார்களே, நம் வீட்டில் ஒரு கை இருந்தது அண்ணா. சும்மாதான் இருந்தது. காப்பு கட்டின அதே கை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்திருப்பேன். நடந்தாவது வந்திருப்பேன். ஒரு வரி என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் போகாமல் நின்றுவிடுவேன் என்று பயந்தாயே, நான் நின்றுபோய் எத்தனை நாளாகிறது!

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் போதும். உன் மனசு நோகக்கூடாது என்று நினைத்தேன். ஐந்து வருஷத் தண்டனை என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "பூபதி எப்ப வாரானாம்?" என்று கேட்டாள். சீக்கிரம் என்றேன். பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

வக்கீலைக் கேள். ஒப்புக்கொண்டதைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேள். நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

பூங்குழலி

*

16 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

பதில் எழுத நாலு மாதம் ஆகிவிட்டது. இந்தத் தடவை தேவராஜ் சார் தாமதிக்கவில்லை. அவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, யாருக்கும் காட்டாமல், தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தாமதம் என்னுடையதுதான். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

வக்கீலைக் கேட்டேன். முடியாதாம். நீ வர வேண்டாம். வந்தாலும் கம்பிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நின்று என்ன பேசுவோம்?

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. அதனால் ஆரம்பிக்கவில்லை. அந்த மார்ச் மாதக் கடிதத்தை எழுதின கை என்னுடையது. அது போதும் எனக்கு.

பூங்குழலி, உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று சபதம் செய்திருந்தேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இங்கே யாருக்கும் தெரியாது. தங்கச்சி போய்ச் சேர்ந்ததா, அங்கே பனி பெய்கிறதா என்று சாயங்காலமானால் கேட்கிறார்கள். பத்துப் பேருக்கும் வேறு பேச்சு இல்லை. வேல்முருகனின் தங்கை பத்தாவது போய்க்கொண்டிருக்கிறது. இப்போது நான் என்னவென்று சொல்வேன்? நாலு மாதமாக, தபால் தூரத்திலிருந்து வர வேண்டும், நாளாகும் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அங்கே இருந்து எழுதுவது போல ஒரு கடிதம் எழுது. உறையை யாரும் பார்க்க மாட்டார்கள். தேவராஜ் சாரிடம் சொல்லிவிட்டேன். அவரே படித்துக் காட்டுவார்.

எனக்காகவும்தான் எழுது.

அண்ணன்

*

நார்வே
11 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கும், அங்கே உள்ள அண்ணன்மார் எல்லோருக்கும்,

பூங்குழலி எழுதுகிறேன். நான் இங்கே நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அம்மா நலம் என்று ஊரிலிருந்து எழுதியிருந்தார்கள். முட்டிவலிகூடக் குறைந்துவிட்டதாம்.

முதலில் பனி. பெய்கிறது. இலவம்பஞ்சு பறக்குமே, அது போல வருகிறது, சத்தமே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் முழங்கால் உயரம் நிற்கும். மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆனால் தெருவெல்லாம் விளக்கு. எனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். மேஜை, கட்டில், ஜன்னல் எல்லாம் எனக்கே. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிகிறது. நம் மலையை விட உயரம், ஆனால் கிழங்கு விளையாது.

வகுப்பில் எத்தியோப்பியாவிலிருந்து ஒரு பையன், நேபாளத்திலிருந்து ஒரு பெண். எல்லோரும் மலைக்காரர்கள்தான். வாத்தியாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு வாய் வரவில்லை, சார் என்றே சொல்கிறேன். போன வாரம் நம் சாமையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எப்படி விதைப்பது, எப்படிக் காயப்போடுவது என்று அரைமணி நேரம் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

வேல்முருகன் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தங்கையைப் பத்தாவது பரீட்சைக்கு நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்த நாளாக இருந்தாலும், யார் என்ன எழுதியிருந்தாலும், பரீட்சைக்குப் போய்விடச் சொல்லுங்கள்.

சாப்பாடு பழகிவிட்டது. கம்பளி இருக்கிறது. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம் அண்ணா. இது நல்ல ஊர். இங்கே யார் வேண்டுமானாலும் எந்த நாளிலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போகலாம். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஒருவரும் வழியில் உட்கார்ந்திருப்பதில்லை. பஸ் வந்து நிற்கும். ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிக்கு,
நார்வேயிலிருந்து
உன் தங்கை பூங்குழலி